மூன்றாவது படி

(மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் நகரில் ஒரு கோவில் மண்டபத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘சமூகத்தில் பள்ளிக்கூடம் செய்யும் பெரிய வேலை மனிதரை உயர்த்துவதா, தரம் பிரிப்பதா?’ ‘தரம் பிரிப்பதே’ அணியின் தலைவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியை பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணித் தம்பிகளே, தங்கைகளே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்குத் தானம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். பின்வரிசையில் பக்கத்து இருக்கைக்காரருக்கு நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கேட்கிறீர்களே, உங்களுக்குத் தனி வணக்கம். இன்று இந்த மண்டபத்தில் எங்களைவிட அதிகம் உழைப்பவர்கள் நீங்கள்தான்.

எதிரணித் தலைவர் அழகாகத் தொடங்கினார். ‘படி, படி, படித்தால் படியேறலாம்’ என்றார். போர்ட் லூயித் துறைமுகத்தில் ஆப்பிரவாசி காட் கற்படிகளை நினைவூட்டினார். 1834 முதல் அந்தத் துறையில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவராக, வழக்கறிஞராக, அமைச்சராக இருக்கிறார்கள், ஏற்றிவிட்டது பள்ளிக்கூடம் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், சொன்ன விதம் அப்படி.

ஆனால் தம்பி, தமிழில் மூன்றாவதாக ஒரு படி இருக்கிறது. அரிசி அளக்கிற படி. நம் முப்பாட்டனார் அந்தக் கற்படியில் ஏறிய கையோடு அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, ஓர் எண். பெயர் எழுதத் தெரியாத எழுத்தர் பெயரை எப்படி எழுதினாலும் எண் மட்டும் தவறாது. இரண்டாவது, அளவு. மாதம் 5 ரூபாய் கூலி, அதோடு அளந்து கொடுக்கும் அரிசி, பருப்பு, உப்பு. ஏறுகிற படி கண்ணுக்குத் தெரிந்தது. வாழ்க்கையை நடத்தியது அளக்கிற படி. பள்ளிக்கூடத்தின் கதையும் இதுதான் என்பது எங்கள் அணியின் வாதம். நான் சும்மா சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் இந்தத் தீவின் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அந்தப் படியைப் பிடித்து அளந்த கை இது.

எதிரணியினர் பெரிய பெரிய சாட்சிகளை அழைத்து வந்தார்கள். முதல் சாட்சி எமில் துர்க்கெம். பிரெஞ்சுக்காரர், சமூகவியலை ஒரு துறையாக நிறுத்தியவர்களில் ஒருவர். போர்தோவிலும் பாரிசிலும் ஆசிரியர்களுக்கே பாடம் நடத்தியவர். சமூகம் ஒன்றாக நிற்க எல்லோருக்கும் பொதுவான ஒழுக்கமும் உணர்வும் வேண்டும், அதைத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றுவது பள்ளிக்கூடம் என்றார் அவர். இந்து, முஸ்லிம், கிறித்தவர், சீனர் என்று எல்லோரும் வாழும் இந்தத் தீவுக்கு இதைவிடப் பொருத்தமான கருத்து உண்டா என்று தங்கை கேட்டார். காலை வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று நாட்டுப்பண் பாடுவது உண்மை. அதைப் பார்த்து நானே பலமுறை கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள். மொழிப் பாட வேளைக்கு மணி அடிக்கும். தமிழ் எடுத்தவர்கள் என்னோடு, இந்தி எடுத்தவர்கள் இன்னோர் அறைக்கு, உருது அங்கே, தெலுங்கு இங்கே. துர்க்கெம் சேர்த்து வைத்த வகுப்பை நான் வந்துதான் கலைப்பேன்! எந்த மொழியும் எடுக்காத பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் கிரியோல் மட்டும் பேசிய பிள்ளைகள் அவர்கள். 2012இல்தான் கிரியோலும் ஒரு விருப்பப் பாடமாக உள்ளே வந்தது. அதுவரை நாட்டில் பெரும்பாலானோர் பேசும் மொழி பள்ளிக்கூட வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்பட்டது.

இரண்டாவது சாட்சி அமெரிக்கச் சமூகவியலாளர் டால்கட் பார்சன்ஸ். குடும்பத்தில் ஒரு பிள்ளையை ‘என் பிள்ளை’ என்பதற்காக ஏற்றுக்கொள்கிறோம், வெளி உலகமோ சாதனையைப் பார்க்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பாலம் பள்ளிக்கூடம் என்று 1959இல் எழுதினார். மூன்றாவது சாட்சிகள் டேவிஸ், மூர் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள். முக்கியமான வேலைகளுக்குத் திறமையானவர்கள் போய்ச் சேர வேண்டும், அதற்காகத்தான் சமூகத்தில் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று வெகுமதி வேறுபடுகிறது என்று 1945இல் வாதிட்டவர்கள்.

நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்சன்ஸ் அந்தக் கட்டுரையில் பள்ளி வகுப்புக்கு இரண்டு வேலைகளைச் சொல்கிறார். ஒன்று, பிள்ளையைச் சமூகத்துக்கு ஏற்றவனாகப் பழக்குவது. மற்றொன்று, யார் எந்த இடத்துக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது. அந்தப் பிரிப்பு பெரும்பாலும் தொடக்கப் பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது என்றும் அவரே சொல்கிறார். டேவிசும் மூரும் சொல்வதிலும் பிரிப்புதானே நடுவில் நிற்கிறது? எதிரணியின் சாட்சிகள் கூண்டில் ஏறி எங்களுக்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் தகராறு பள்ளிக்கூடம் சலிக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. அந்தச் சல்லடை நியாயமானது என்கிறார்கள் அவர்கள். இன்றைய தலைப்பு அதுவல்லவே!

சரி, நியாயத்தையும் கேட்டுவிடுவோம், நேரம் இருக்கிறது.

ரே ரிஸ்ட் என்றொரு ஆய்வாளர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஒரு பள்ளியில், மழலை வகுப்பின் மூலையில் போய் உட்கார்ந்து பார்த்தார். 1970இல் அதை எழுதினார். ஆசிரியையும் கறுப்பினத்தவர்தான். பள்ளி திறந்த எட்டாம் நாள் அவர் பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிரந்தரமாக உட்கார வைத்தார். எட்டே நாள். தேர்வு எதுவும் வைக்கவில்லை. முதல் மேசை ஆசிரியைக்குப் பக்கத்தில். அங்கே யார்? நல்ல உடை உடுத்திய பிள்ளைகள், சீரான ஆங்கிலம் பேசிய பிள்ளைகள், அரசு உதவிப் பணத்தை நம்பியிராத வீட்டுப் பிள்ளைகள். மற்ற இரண்டு மேசைகளுக்கும் பார்வையும் குறைவு, பேச்சும் குறைவு. ரிஸ்ட் அதே பிள்ளைகளை இரண்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார். அங்கே வேறு ஆசிரியை. இம்முறை குழுக்களுக்குப் பெயரே வைத்திருந்தார். முதல் குழு ‘புலிகள்’. இரண்டாவது ஒரு குருவியின் பெயர். மூன்றாவது குழுவின் பெயர் என்ன தெரியுமா? ‘கோமாளிகள்’. மழலை வகுப்பில் முதல் மேசையில் இல்லாத ஒரு பிள்ளைகூடப் புலியாகவில்லை.

இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் முதன்முதலாகக் கேட்டபோது அந்த ஆசிரியை மேல் கோபம் வந்தது. அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கோபம் போய் வேறொன்று வந்தது. ஏனென்றால் நானும் அதைச் செய்திருந்தேன். எட்டு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை, நான்காம் நாளே முடித்துவிட்டேன்.

எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பது வேண்டாம். நோட்டுப் புத்தகத்துக்கு அழகாக அட்டை போட்டு, பென்சில் சீவி, முடியை வாரிப் பின்னி வந்த பிள்ளைகள் என் முன்பலகையில் உட்கார்ந்தார்கள். கடைசிப் பலகையில் ஒரு சிறுமி. அம்மா துணி ஆலையில் இரவு முறை வேலை; பிள்ளையை வளர்த்தது பாட்டி. நோட்டுக்கு அட்டை கிடையாது. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ‘ழ’ எழுதச் சொன்னால் அது எந்தப் பக்கம் வளையும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுக்குத் தமிழ் வராது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஆண்டு தைப்பூசம். காவடி பார்க்கக் கோவிலுக்குப் போயிருந்தேன். பெரியவர்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துத் தேவாரம் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் தாள் இல்லாமல் ஒரு குரல். அந்தச் சிறுமி. ஐந்து பாட்டு, பிசகாமல். பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். அருகில் போய்ப் பேசினேன். பாட்டியிடம் அவள் தமிழிலேயே, அந்தக் காலத்துத் தோட்டத் தமிழில், ‘கால் வலிக்குதா ஆயா?’ என்று கேட்கிறாள். என் முன்பலகைப் பிள்ளைகள் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வாயில் வராது. அவர்கள் ‘பசு பால் தரும்’ என்று அச்சுப்போல எழுதுவார்கள். எழுதியது என்னவென்று கேட்டால் கிரியோலில் விழிப்பார்கள்.

ஆண்டுத் தேர்வு எழுத்துத் தேர்வு. தமிழ் பேசத் தெரிந்த பிள்ளை தமிழில் தோற்றாள். தமிழ் தெரியாத பிள்ளைகள் எண்பதும் தொண்ணூறும் வாங்கினார்கள். விடைத்தாளைத் திருத்தியவள் நான். விதியை மீறி ஒரு மதிப்பெண்கூட நான் குறைக்கவில்லை. நேர்மையாகத்தான் அளந்தேன். அந்தப் படியால் அளக்க முடிந்தது கோழிக் கிறுக்கலை மட்டும். பாட்டி சொல்லிக்கொடுத்ததை ஊற்ற அதில் இடமே இல்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ சொன்னது இதைத்தான். தென்மேற்குப் பிரான்சில் ஒரு சிற்றூர் அஞ்சல் ஊழியரின் மகன். படித்துப் படித்துப் பாரிசின் உச்சிக்கே போய், 1981இல் கொலேஜ் து பிரான்சில் பேராசிரியரானவர். ‘பார்த்தீர்களா, ஏறிவிட்டாரே’ என்று தம்பி எழுந்து நிற்கப் போகிறார், உட்காருங்கள் தம்பி. ஏறினார். ஏறிப்போய் மேலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னார்: பள்ளிக்கூடம் தான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தேர்வில் கேட்கிறது. வீட்டில் புத்தகம், வீட்டில் நாகரிகமான மொழி, எந்த இடத்தில் எப்படிப் பேசுவது என்ற பழக்கம், இவையும் ஒருவகைச் சொத்து. அப்பா நிலம் கொடுப்பது போல இவற்றையும் கொடுக்கிறார். பள்ளி அந்தச் சொத்தைப் பார்த்து ‘திறமை’ என்று முத்திரை குத்துகிறது. பணக்காரப் பிள்ளைக்கு வந்தது பரம்பரை என்று யாருக்கும் தோன்றாது. ஏழைப் பிள்ளைக்கும் தோன்றாது. தனக்கு மூளை இல்லை என்று அவனே நம்பிவிடுவான்.

நம் தீவில் இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டியதில்லை. பிள்ளை வீட்டில் பேசுவது கிரியோல். செய்தித்தாள் பிரெஞ்சு. தேர்வுத்தாள் ஆங்கிலம். கணக்குப் பாடத்தில்கூட முதலில் ஆங்கிலத்தைத் தாண்டித்தான் கணக்கிடம் போக வேண்டும். வீட்டில் மூன்று மொழியும் புழங்கும் பிள்ளைக்கு அது சமதரை. மற்றவனுக்கு மதில்.

(மணி அடித்துவிட்டது. முதல் மணிதானே? சரி.)

எதிரணியின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். சிவசாகர் இராம்குலாம். பெல் ரீவ் கிராமத்துப் பிள்ளை, கியூர்பிப் ராயல் காலேஜ் என்ற உயர்நிலைப் பள்ளியில் படித்து, லண்டன் போய் மருத்துவராகி, நாட்டின் முதல் பிரதமரானவர். மறுக்க முடியுமா? முடியாது. ஆனால் அவரோடு பிறந்த தலைமுறையில் கரும்புக் காட்டில் இருந்த மற்றப் பிள்ளைகள் எங்கே? ஒருவர் ஏறினார் என்பதற்காக அதை ஊர்வலம் போகிற சாலை என்று சொல்ல முடியாது. அது எத்தனை ஒடுக்கம் என்பது அந்த மருத்துவருக்கே தெரிந்திருந்தது.

பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. 1975 மே 20. பள்ளிக்கூடங்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து மாணவர்கள் சீருடையோடு போர்ட் லூயியை நோக்கி நடந்தார்கள். கிராண்ட் ரிவியேர் பாலத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. இங்கே இருக்கும் தாத்தா பாட்டிகளில் சிலருக்கு அந்த எரிச்சல் இன்னும் கண்ணில் இருக்கும். அந்த ஆண்டே வாக்குரிமை வயது 18 ஆனது. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்கு முன் இலவச உயர்நிலைக் கல்வி அறிவிக்கப்பட்டு, 1977இல் நடைமுறைக்கு வந்தது. பெரிய காரியம். அதில் படித்து வந்தவள் நான், நன்றி கெட்டவள் அல்ல.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கட்டணம் என்ற கதவு போனது. எல்லோரும் வரலாம். எல்லோரும் வந்தால் நல்ல உயர்நிலைப் பள்ளி யாருக்கு? 1980இல் சி.பி.இ. என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு வந்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒரு தர எண். முப்பாட்டனுக்குக் கப்பல் துறையில் ஓர் எண், கொள்ளுப்பேரனுக்குத் தேர்வு முடிவில் ஓர் எண். முன்னணி எண்காரர்கள் ‘ஸ்டார்’ பள்ளிக்கு. முதன்முறை எழுதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தேறாமல் போன ஆண்டுகள் பல. கட்டணக் கதவு இருந்த இடத்தில் ‘லெசோன்’ கதவு முளைத்தது. காலையில் இலவசப் பள்ளி, மாலையில் காசுக்கு டியூஷன், பல வீடுகளில் அதே பாடத்துக்கு அதே ஆசிரியர். காசு இல்லாதவர் காலையோடு நின்றுகொள்ளலாம்.

நம்மால்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டாம். இன்னொரு தீவு, அயர்லாந்து. 1967இல் உயர்நிலைக் கல்விக் கட்டணத்தை ஒழித்தது. ராஃப்டரி, ஹவுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள்: படிப்பவர் தொகை எல்லா வர்க்கத்திலும் கூடியது, வர்க்கங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளி அப்படியே நின்றது. மேல்தட்டு வயிறு நிறைந்த பிறகுதான் கீழே பந்தி பரிமாறப்படுகிறது என்பதே அவர்கள் கண்டதன் சாரம்.

2017இல் சி.பி.இ. போயிற்று, அந்த இடத்தில் வேறு மதிப்பீடு, ஒன்பது ஆண்டுத் தொடர்கல்வி. வரவேற்றோம். ஆனால் ஒன்பதாம் ஆண்டு முடிவில் இன்னொரு தேர்வு வைத்தார்கள். அதில் முந்தியவர்களுக்கு ‘அகாடமி’ என்ற 12 தனிப் பள்ளிகள். சல்லடை போகவில்லை நடுவர் அவர்களே, மூன்று ஆண்டு தள்ளிப் போனது. பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகு அழட்டும் என்று விட்டார்கள், அதுவும் ஒரு கருணைதான்.

இப்போது நம் வீட்டு விஷயம். ‘வீட்டில் போன தமிழைப் பள்ளிக்கூடம்தானே காப்பாற்றிக் கொடுத்தது, தமிழாசிரியையே இப்படிப் பேசலாமா’ என்று தங்கை என்னைக் குத்தினார். வலித்தது. உண்மையும்கூட. பள்ளியும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையமும் இல்லாவிட்டால் நான் இங்கே தமிழில் பேசியிருக்க மாட்டேன். ஆனால் என்னிடம் தமிழ் வகுப்பில் சேர்க்க வந்த பெற்றோர் முதலில் கேட்ட கேள்வி என்ன? ‘ஆசிரியை, இது தர எண் கணக்கில் சேருமா?’ 1995 நினைவிருக்கிறதா? தமிழ், இந்தி போன்ற கீழை நாட்டு மொழிகளின் மதிப்பெண்ணையும் சி.பி.இ. தர வரிசையில் சேர்ப்பதற்காக அரசமைப்பைத் திருத்தப் போனது அநிருத் ஜக்நாத் அரசு. மசோதா தோற்றது. நாடாளுமன்றம் கலைந்தது. டிசம்பர் தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் எதிர்க்கட்சிக் கூட்டணி வாரிக்கொண்டது. பதினொரு வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண் கணக்கு ஓர் அரசையே கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது! மொழிக்காகப் போராடினோம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். நாம் போராடியது நம் மொழியும் அந்தப் படிக்குள் விழ வேண்டும் என்பதற்காக. நாட்டில் பள்ளிக்கூடத்தின் பெரிய வேலை எது என்று மக்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டிமன்றத்தில்தான் நாம் வேறு மாதிரி பேசுகிறோம்.

எதிரணிக் கடைசித் தம்பி காமராசரை அழைத்தார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர், மதிய உணவு போட்டவர், கும்பிட வேண்டியவர். ஆனால் படித்தால்தான் உயரலாம் என்று நிரூபிக்க, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவரையா தம்பி சாட்சிக்குக் கூப்பிடுவது?

‘மெரிட்டோக்ரசி’, அதாவது திறமைக்கே முதலிடம், என்ற சொல்லையும் நான்கு முறை சொன்னார்கள். இந்தத் தீவில் எந்த அரசியல்வாதியும் அந்தச் சொல் இல்லாமல் மேடை இறங்குவதில்லை. 1958இல் அந்தச் சொல்லைப் பரப்பியவர் மைக்கேல் யங் என்ற ஆங்கிலேயர். அவர் அதைக் கிண்டலாகச் சொன்னார். மதிப்பெண்ணால் மேலே போனவர்கள் தங்களுக்கு எல்லாம் தகும் என்று நினைத்துக்கொள்ளும் ஒரு கொடுமையான நாட்டைக் கற்பனை செய்து அதற்கு வைத்த பெயர் அது. அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அதைப் பாராட்டுச் சொல்லாகப் பயன்படுத்தியபோது, 2001இல், ‘நான் எச்சரித்ததைக் கொள்கையாக்கிவிட்டார்களே’ என்று யங் வருந்தி எழுதினார். ஒவ்வோர் ஆண்டும் லாரியேட்டுகளை, அதாவது பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்று அரசு உதவித்தொகை வென்ற பிள்ளைகளை, தோளில் தூக்கிக்கொண்டு நாம் ஆடுகிறோம். ஆடுவதில் தவறில்லை. அந்தத் தோள்கள் யாருடையவை என்று படத்தின் கீழே யாரும் பெயர் போடுவதில்லை.

கடைசியாக ஒன்று. போல்ஸ், ஜின்டிஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1976இல் ஒரு பொருத்தம் காட்டினார்கள். தொழிற்சாலையில் மேலாளர், பள்ளியில் தலைமையாசிரியர். அங்கே சம்பளத்துக்காக வேலை, இங்கே மதிப்பெண்ணுக்காகப் பாடம். அங்கே சங்கு, இங்கே மணி. பாடம் மறந்துபோகும், வரிசையில் நிற்பதும், கேட்டுக்கொண்டு எழுவதும், மணி அடித்தால் செய்வதைப் போட்டுவிட்டு நிற்பதும் மறக்காது. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு அதுதான் தேவை என்றார்கள். மிகைப்படுத்துகிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு. ஓய்வுபெற்று ஆறு ஆண்டு ஆகிறது. இன்றும் பிற்பகலில் பள்ளி விடும் வேளைக்கு என் கை தானாகப் பையைத் தேடுகிறது. அந்தச் சிறுமி, இப்போது பெரியவள், போன தைப்பூசத்தில்…

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. வாக்கியம் பாதியில் நிற்கிறது. ஆனாலும் பாருங்கள், என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

வணக்கம்.